வலி போகணும், கால் அசையணும்

பிரசவ வலிக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்த மருந்து நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு அடர்த்தியில் என்று யாரும் கேட்பதில்லை. முக்கியமான கேள்வி அதுதான்.

தண்டுவடத்தை மூடியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செருகி மருந்தை ஏற்றுகிறார்கள். நரம்பிழைகளில் சோடியம் நுழையும் வாயில்களை அது அடைத்துவிட, வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. அடர்த்தி கூடினால் தசையை இயக்கும் நரம்புகளும் அடங்கிவிடும். கால் கனத்துப்போகும், முக்கவும் சிரமம்.

பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகைன் சட்டென்று மரக்கச் செய்யும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். பல மணி நேர வலிக்குத் தோதுப்படாது. 1957-இல் சுவீடனில் உருவான பியூபிவக்கைன் நின்று வேலை செய்யும். ஆனால் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் வம்பு: இதயத்தின் சோடியம் வாயில்களை வேகமாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் விடும். இதயம் நின்றுபோகும் இந்த ஆபத்தை 1979-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஆல்பிரைட் எழுதிக் காட்டினார். பிரசவத்தில் 0.75 சதவீதக் கரைசல் வேண்டாம் என்று 1980-களில் அங்கே அறிவித்தார்கள்.

பியூபிவக்கைனில் இடக்கை, வலக்கை போல எதிரெதிர் வடிவ மூலக்கூறுகள் இரண்டும் கலந்திருக்கின்றன. இதயத்தை அதிகம் படுத்துவது வலக்கை. இடக்கையை மட்டும் பிரித்தெடுத்தது லெவோபியூபிவக்கைன். ரோபிவக்கைன் அதன் பங்காளி. அதிலும் இடக்கை மட்டும்தான்.

இதயத்துக்குப் பாதுகாப்பு, கால் மரப்பதும் குறைவு என்று ரோபிவக்கைனுக்கு நல்ல பெயர். முதலாவது சரி. இரண்டாவதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். பிரசவ வலியில் அதன் வீரியம் பியூபிவக்கைனில் சுமார் 60 சதவீதம்தான் என்று 1999-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வீரியம் குறைந்த மருந்தை அதே அளவில் கொடுத்தால் கால் குறைவாகத்தானே மரக்கும்? சம வீரியத்தில் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

அடர்த்தியைக் குறைத்ததன் பலனோ கண்கூடு. பிரிட்டனில் 1,054 பெண்களிடம் நடந்து, 2001-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘காமெட்’ ஆய்வில், 0.25 சதவீத பியூபிவக்கைன் பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு ஆயுதமோ கத்தியோ இல்லாமல் சுகப்பிரசவம் ஆனது. ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்து மருந்தை நீர்க்கக் கொடுத்தபோது அது சுமார் 43 சதவீதம்.

ஆக, பிரசவத்துக்கு ரோபிவக்கைன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. மாதம் நெருங்கும்போதே மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். எபிடியூரல் போடலாமா, எப்போது போடலாம் என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.