‘வேண்டாம்’ என்ற சொல்லை ஒளித்து வைத்தது யார்?

டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பூகோளம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், “சுவீடன்” என்பார்கள். “கடல்” என்பார்கள். ஆனால், ‘ரையனேர்’ என்ற அயர்லாந்து விமானக் கம்பெனியின் வலைத்தளத்தில் வேறொன்று இருந்தது. “எனக்குக் காப்பீடு வேண்டாம்” என்ற வாசகம்தான் அது!

விஷயம் இதுதான். டிக்கெட் வாங்க வருகிறவரை, “நீங்கள் குடியிருக்கும் நாடு எது?” என்று வலைத்தளம் கேட்கும். ஒரு பட்டியல் திறக்கும். அதில் நாட்டின் பெயரைத் தொட்டால் போதும். பயணக் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் ஏறிவிடும்!

காப்பீடு வேண்டாதவர் என்ன செய்வது? அதே பட்டியலில்தான் தேட வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வாசகம் ‘டோன்ட்’ என்று தொடங்கும். ஆகவே ‘டி’ எழுத்து வரிசையில், டென்மார்க்குக்குக் கீழே அதைச் செருகிவிட்டார்கள். நாடுகளின் கூட்டத்தில் அதை யார் தேடப் போகிறார்கள்?

2014-ம் ஆண்டில், காப்பீடு தொடர்பான முறைகேடுகளுக்காக இத்தாலி நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 8 லட்சத்து 50 ஆயிரம் யூரோ அபராதம் போட்டது.

அபராதம் கம்பெனிக்கு. சரி. ஆனால் எந்தக் கம்பெனியிலும் முதலாளியே உட்கார்ந்து பொத்தானும் பட்டியலும் வரைவதில்லை. அதற்கென்று ஒரு தொழிலாளி இருக்கிறார். அவருக்கு வலைத்தள வடிவமைப்பாளர் என்று பெயர்.

வாசல் அகலம், வெளியே சந்து

செல்போனில் நாம் பார்க்கும் பக்கங்கள் தாமாக முளைப்பதில்லை. எந்த எழுத்து பெரியது, எந்தப் பொத்தான் எந்த நிறம், எதைத் தொட்டால் எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் யோசித்துத்தான் வைக்கிறார்.

கடை கட்டும் கொத்தனார், உள்ளே வரும் வாசலை அகலமாகக் கட்டுகிறார். வெளியே போகும் வழியை, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகும் சந்தாகக் கட்டுகிறார். அதிலும் விளக்கு வைக்கவில்லை. அந்தக் கடையைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? பல வலைத்தளங்கள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இந்தத் தந்திரங்களுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். இருட்டு வடிவம் என்று சொல்லலாம். பெயர் வைத்தவர் போலீஸ்காரர் அல்ல, வக்கீலும் அல்ல. ஹாரி பிரிக்னல் என்ற இங்கிலாந்துக்காரர். அவரும் ஒரு வடிவமைப்பாளரே! 2010-ம் ஆண்டில் அவர் இந்தத் தந்திரங்களை ஒன்றுவிடாமல் சேகரித்து, பெயர் சூட்டி, ஊரறிய வெளியிட்டார். தொழிலுக்குள் இருந்தே ஒருவர் தொழிலின் அழுக்கை எடுத்துக் காட்டியது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

2019-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சுமார் 11 ஆயிரம் கடை வலைத்தளங்களைச் சோதித்தார்கள். 1,818 இடங்களில் இத்தகைய தந்திரங்கள் அகப்பட்டன.

“இந்தச் சேலையை இப்போது 27 பேர் பார்க்கிறார்கள். சீக்கிரம் வாங்குங்கள்!” என்ற மாதிரி அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். சில வலைத்தளங்களில் அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? சீட்டுக் குலுக்குவது போல, கம்ப்யூட்டர் மனம்போனபடி எடுத்துப் போட்ட எண்! பார்த்தவர்கள் யாரையும் எண்ணவே இல்லை. “இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது” என்று ஓடும் கடிகாரத்திலும் இப்படிப் பொய் உண்டு. பக்கத்தை மூடித் திறந்தால் சில கடிகாரங்கள் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

“ஏமாற்று” என்று யார் சொன்னது?

வடிவமைப்பாளர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லவே இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குப் போகும் இளைஞர்கள்தான் இவர்களில் பலர்.

அப்படியானால் தந்திரம் எப்படிப் பிறக்கிறது?

ஒரே பக்கத்தை இரண்டு விதமாகத் தயார் செய்வார்கள். ஒன்றில் “வேண்டாம்” பொத்தான் பளிச்சென்று இருக்கும். மற்றொன்றில் அது மங்கலாக, மூலையில் இருக்கும். பாதிப்பேருக்கு முதல் பக்கம், பாதிப்பேருக்கு இரண்டாவது பக்கம் போகும். ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். எதில் அதிகம் பேர் பணம் கட்டினார்களோ அது நிற்கும். மற்றது குப்பைக்குப் போகும்.

இதில் “ஏமாற்று” என்று யாரும் கட்டளையிடவில்லை. “எண்ணிக்கையைக் கூட்டு” என்று மட்டுமே சொன்னார்கள். பணம் கட்டியவர் விரும்பிக் கட்டினாரா, தெரியாமல் கட்டினாரா என்பது அந்தக் கணக்கில் வராது. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்தை வரைந்தவர்தான். ஏனென்றால், பொத்தானை ஏன் மங்கலாக்கினோம் என்பது அவருக்குத் தெரியும்.

“நான் சம்பளக்காரன். சொன்னதைச் செய்கிறேன்” என்பார் அவர். பாதி நியாயம்தான். மருந்துக் கடைப் பையன், முதலாளி சொன்னார் என்பதற்காகக் காலாவதியான மருந்தை எடுத்துக் கொடுக்கலாமா?

டாக்டருக்கும் வக்கீலுக்கும் பதிவு உண்டு. தவறு செய்தால் பதிவு பறிபோகும். வலைத்தளம் வரைகிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. ‘ஏ.சி.எம்.’ என்ற கம்ப்யூட்டர் துறையினரின் சங்கம் 2018-ல் புதுப்பித்த ஒழுக்க விதிகளில், பொதுமக்களின் நன்மையே முதன்மை என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதை மீறுகிறவரைச் சங்கத்திலிருந்து நீக்கலாம், தொழிலிலிருந்து நீக்க முடியாது.

சந்தாவும் ஒரு மகா யுத்தமும்

அமேசான் கம்பெனியின் ‘பிரைம்’ சந்தா பலருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் அதில் சேருவது எளிது, விலகுவதுதான் பெரும்பாடு என்று 2023 ஜூன் மாதம் அந்நாட்டு அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. விலகுவதற்கு 4 பக்கம் தாண்டி, 6 முறை தொட்டு, 15 வழிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று புகாரில் சொன்னது.

கம்பெனிக்குள் இந்த வழிக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? ‘இலியட்’! பத்தாண்டு நடந்த டிராய் யுத்தத்தைப் பற்றிய கிரேக்க காவியத்தின் பெயர் அது. வேடிக்கையாக வைத்தார்களோ என்னவோ, பெயர் பொருந்திவிட்டது.

ஜனங்கள் தெரியாமல் சந்தாவில் சிக்குகிறார்கள் என்று கம்பெனி ஊழியர்களே உள்ளுக்குள் எழுதி வைத்த குறிப்புகளும் வழக்கில் வெளிவந்தன. மனம் உறுத்தியவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 100 கோடி டாலர் அபராதமும், சந்தாதாரர்களுக்குத் திருப்பித் தர 150 கோடி டாலரும் கொடுக்கச் சம்மதித்தது. சந்தா வேண்டாம் என்பவருக்குத் தெளிவான பொத்தான் வைக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை.

நம் நாட்டில்

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, பொய் அவசரம் காட்டுவது, சந்தாவில் மாட்டிவைப்பது, வெட்கப்பட வைப்பது எல்லாம் அதில் உண்டு.

வெட்கப்பட வைப்பதா? ஆம். காப்பீடு வேண்டாம் என்பவர், “நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்” என்ற வரியைத் தொட்டால்தான் மேலே போக முடியும். வயதானவர்கள் பயந்தே பணம் கட்டிவிடுவார்கள்.

2025 ஜூனில், கம்பெனிகள் தங்கள் வலைத்தளங்களைத் தாங்களே 3 மாதத்துக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. இந்த விதிகள் வலைத்தளக் கம்பெனியையும் விற்பனையாளரையும் விளம்பரதாரரையும் பிடிக்கும். வரைந்தவரைப் பற்றி அவற்றில் பேச்சில்லை.

வீட்டில் செல்போனில் பொருள் வாங்குகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் கூடையை ஒருமுறை திறந்து வரிசையாகப் படியுங்கள். நீங்கள் தொடாத கட்டத்தில் ‘டிக்’ விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். 1 ரூபாய் தர்மம் என்று போட்டிருந்தாலும், கேட்காமல் போட்டது போட்டதுதான். ஏமாந்துவிட்டால், அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.