நைட் ஷிப்டுக்காரர் உறங்கும் வீட்டின் மேல்

1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு ஆண்டு மே மாதத்தில் பண்டித நேருவின் முன்னிலையில் சுரங்க வேலை தொடங்கப்பெற்ற நாள் முதலாக, முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் பிரதேசத்தின் நடுவே பிளாக் பிளாக்காக வளர்ந்து நிற்கும் நெய்வேலி நகரியத்தில், வீட்டுக்குள்ளேயே தேகாப்பியாசம் செய்யும் பழக்கம் இப்போது பெருகி வருகிறது. மிகவும் விரும்பத்தக்க பழக்கம் அது. ஆனால் டம்பெல்லுக்கும் பெஞ்சுக்கும் தாராளமாகச் செலவிடுகிறவர்கள், அவற்றைத் தாங்க வேண்டிய தரையைப் பற்றிக் கடைசியில்தான், அதுவும் தரையில் கீறல் விழுந்த பிறகோ முழங்காலில் வலி கண்ட பிறகோதான், சிந்திக்கிறார்கள்.

நம் முன்னோர் இக்காரியத்தை வேறு வரிசையில் செய்தனர். மல்யுத்தம் பயில்வோர், கோதாவுக்கான மண்ணைத் தோண்டிச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் மோரும் சேர்த்துப் பதப்படுத்தி, நாள்தோறும் கிளறி நீர் தெளித்து வைத்தார்கள். தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் இடமும் பெரும்பாலும் அந்த மண்ணை ஒட்டியே இருந்தது. விழுகிற சரீரத்தைத் தரை எவ்வளவு தூரம் ஏற்று அமிழ்ந்து நிறுத்துகிறதோ அவ்வளவுக்கு மூட்டுகளில் ஏறும் அதிர்ச்சி குறையும் என்பதை அவர்கள் அநுபவத்தால் அறிந்திருந்தனர். குதித்து இறங்கும் காலை டைல்ஸ் தரையோ மொசைக் தரையோ சிறிதும் இளகாமல் நிறுத்துவதால், அந்த வேகம் முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் இடுப்புமே பங்கிட்டுக்கொள்ள நேரிடுகிறது.

அப்படியானால் மிருதுவான தரையே உத்தமம் என்று முடிவு கட்டிவிடலாமோ என்றால், கூடாது. கடைகளில் ஒன்றோடொன்று பல் கோத்து விற்கும் நுரைச் சதுரங்கள், படுத்தும் அமர்ந்தும் செய்யும் ஆசனங்களுக்கு மிகவும் சௌகரியமானவை. அவற்றின் மீது பார்பெல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்கி எடுக்க முற்பட்டால் பாதத்தின் அடியில் ஸ்திரத்தன்மை போய்விடும், கணுக்கால் ஒரு பக்கமாகச் சாயும், நாளடைவில் பளு வைத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்து மீளாது. பளு தூக்குகிறவனுக்கு வேண்டியது அடர்த்தியான ரப்பர் விரிப்பு. சிறிய டம்பெல்களுக்குப் பத்து மில்லிமீட்டர் கனம் போதும். பார்பெல்லைக் கீழே இறக்கி வைக்கும் இடத்தில் இருபது மில்லிமீட்டரேனும் வேண்டும். அந்தப் பத்து மில்லிமீட்டர் விரிப்பே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் பத்துக் கிலோ கனக்கும் என்பதை, வாங்கிக் கொண்டுவருமுன் நினைத்துக்கொள்வது நல்லது.

மென்மை, உறுதி என்னும் இவ்விரண்டுக்கும் மேலாக நெய்வேலிக்கென்று இரண்டு நியதிகள் உண்டு. முதலாவது, வீடு நிறுவனத்தினுடையது; ஆகையால் பணி ஓய்வு பெறும்போது குவார்ட்டர்ஸைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு வடலூருக்கோ மந்தாரக்குப்பத்துக்கோ சொந்த ஊருக்கோ போக வேண்டியவர்கள், தரையில் பசை பூசி ஒட்டுவதும் ஆணி அறைவதும் விவேகமாகா. ஆகவே விரிப்பு என்பது சுருட்டவோ கழற்றவோ கூடியதாகவே இருக்கட்டும். இரண்டாவது நியதி இதனினும் முக்கியம். சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகல் பாராமல் ஓடுகிற ஊரில், மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர் நைட் ஷிப்டு முடித்து வந்து, நாம் உற்சாகமாகக் குதிக்கத் தொடங்கும் வேளையில்தான் கண்ணை மூடியிருப்பார். பேச்சொலியைக் கதவு தடுக்கும்; ஆனால் தரையில் விழும் இடியோசை கான்கிரீட்டின் வழியாகவே இறங்கிச் சுவர்களிலும் பரவுவதால், கதவையும் ஜன்னலையும் அடைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடியில் நெகிழ்ந்து கொடுக்கும் ஓர் அடுக்கு, அதன் மேல் கனமான பிளைவுட் பலகை, அதற்கும் மேல் ரப்பர் என்று அமைத்தால் ஓசை கணிசமாக அடங்கும். எனினும் பளுவைத் 'தொப்'பென்று போடாமல் கையோடு இறக்கி வைக்கும் பயிற்சியே உறங்குகிற அந்த மனிதருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

கன்வேயர் பெல்ட்டை அன்றாடம் கண்ணால் காணும் ஊரில், தேய்ந்து கழிந்த பெல்ட்டின் துண்டை விரித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பல ஊர்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் அப்படி விரிப்பது உண்மையே. உரிய ரசீதோடு வாங்கியதாயின் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. தரையை அது நன்றாகக் காக்கும். ஆனால் பளுவான நிலக்கரியைச் சுமப்பதற்கென்று துணி அடுக்குகளையோ எஃகுக் கம்பிகளையோ உள்ளே வைத்துச் செய்த அது, முழங்காலுக்கு அநேகமாகக் கல்தரைக்குச் சமானமே. வெட்டிய விளிம்பில் கம்பி துருத்திக்கொண்டிருந்தால் பாதத்தைக் கிழித்துவிடும். குழந்தைகள் தவழும் வீட்டில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தனி வீடு வாய்த்தவர்கள், கயிறு தாண்டுதல், சிலம்பம், கர்லாக்கட்டை ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டியதில்லை. பின்புறத்துச் செம்மண்ணில் கல் பொறுக்கி, சமன்படுத்தி, லேசாக நீர் தெளித்துவிட்டால், கடையில் விற்கும் எந்த விரிப்பும் அதற்கு ஈடாகாது; கை நழுவிய கர்லாக்கட்டையை மண் உடைக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

பராமரிப்பைப் பற்றிச் சிறிது. வழவழப்பான தரையில் மெல்லிய தூசி படிந்தால், விரிப்பு மொத்தமாக நழுவும். ஆதலால் விரிக்குமுன் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுவது அவசியம். வினைல் ஒட்டிய தரைமீது ரப்பரை நேரடியாகப் போட்டு வைத்தால் போகாத கறை பிடிக்கும். புதிய ரப்பரின் வாடை அடங்கச் சில நாட்கள் நிழலில் காற்றாட வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரைத்தளத்து வீடுகளில் ஈரம் கசிந்து விரிப்பின் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்குமாகையால், அக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, அடிப்புறம் காய்ந்த பிறகே மறுபடி விரிக்க வேண்டும்.