வரகு திரும்பி வந்துவிட்டது, பக்குவம் வந்ததா?

குன்னம், செந்துறைப் பக்கம் பழைய ஓட்டுவீடுகளுக்குப் போனால் மாட்டுக்கொட்டகை மூலையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். உரலும் அம்மியும் கிடக்கும். அவற்றோடு சில வீடுகளில், விளிம்பு உடைந்துபோன வட்டமான மண் கட்டி ஒன்றும் குப்புறக் கிடக்கும். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டால் விழிப்பார்கள். வரகு உடைத்த மண் திருகை அது.

திருகை என்றால் கல்தானே, மண்ணில் எதற்கு? சின்ன வயதில் நானும் அப்பாயியிடம் இதைக் கேட்டேன். "கல்லுல போட்டா மாவாப் போயிரும் சாமி. மண்ணுன்னா தோலை மட்டும் உரிச்சு உட்டுரும்" என்றது. அப்போது புரியவில்லை. வரகின் உமி கெட்டியானது, மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது. வெறும் உலக்கையால் குத்தினால் லேசில் கழலாது. கல்லில் அரைத்தால் மணியும் சேர்ந்து நொறுங்கும். களிமண் பூசிக் காயவைத்த இரண்டு முகங்களுக்கு நடுவே உருண்டால், தேய்ப்பு மட்டும் கிடைக்கும், நசுக்கல் இருக்காது. இன்றைய நெல் ஆலையில் ரப்பர் உருளை செய்கிற வேலையும் இதேதான். கடினமான தோலை மெதுவான பரப்பால் உரிப்பது. பள்ளிக்கூடம் போகாத அப்பாயிகள் இதைக் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

திருகையோடு வேலை முடியாது. முறத்தில் புடைத்து, உமியைத் தள்ளி, உடையாத மணியை மறுபடி திருகையில் போட்டு, குருணையைத் தனியாகக் கொழித்து எடுக்க வேண்டும். அதனால் ஒரேயடியாக மூட்டைக் கணக்கில் உடைக்கமாட்டார்கள். உமியோடு குதிரில் கிடக்கும். நாலைந்து நாள் பாட்டுக்கு மட்டும் எடுத்து உடைப்பார்கள். உமி இருக்கும் வரை வண்டு எளிதில் துளைக்காது. உமியை எடுத்துவிட்டால் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டு, கொஞ்ச நாளில் சிக்கு வாடை வந்துவிடும். தேவைக்கு மட்டும் உடைப்பது என்பது சிக்கனம் மட்டுமல்ல, தவிட்டோடு சாப்பிடுவதற்கான வழியும் அதுவே.

அடுத்தது காய்ச்சல், அதாவது உலர்த்தும் பக்குவம். அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, கதிர் நனைந்தால் வரகில் பூஞ்சை ஏறும். அதைச் சாப்பிட்டவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், கை கால் நடுங்கும், நினைவு தப்பும். 'கிறுக்கு வரகு' என்று முன்னோர் சொன்னது இதைத்தான். கதைதானே என்று தள்ளிவிடக் கூடாது. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டை ஒட்டி, வயலில் வரகு மேய்ந்த யானைக்கூட்டத்தில் 10 யானைகள் செத்தன. அவற்றின் உடலில் சைக்ளோபயசோனிக் அமிலம் என்ற பூஞ்சை நஞ்சு இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது. நனையாமல் அறுப்பது, களத்தில் நன்றாகக் காயவைப்பது, நிறம் மாறியதை விதைக்கும் வைக்காமல் தீவனத்துக்கும் போடாமல் ஒதுக்குவது. இவை மட்டுமே காப்பு.

மூன்றாவது, புளிக்கவைத்தல். ராத்திரி ஆக்கின வரகுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனார்கள். தானியத்தின் தவிட்டில் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது பிடித்து வைக்கும். ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன.

இந்த மூன்றையும் பார்த்தால் ஒன்று விளங்கும். பயிரும் அதன் பக்குவமும் சேர்ந்தால்தான் உணவு. பக்குவத்தை விட்டுவிட்டுப் பயிரை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வயலில் நிற்கும் மக்காச்சோளமே சாட்சி.

இன்று பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலத்தில் பருத்தியோடு மக்காச்சோளம்தான் பெரிய பயிர். பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018இல் படைப்புழு வந்து அடித்த அடி யாருக்கும் மறக்காது. அந்தச் சோளத்தின் தாய்வீடு மெக்சிகோ. அங்கே தலைமுறை தலைமுறையாக அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழுவித்தான் மாவு அரைக்கிறார்கள். ஐரோப்பியர் விதையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுப்படிப் பாடத்தை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, சோளத்தையே மூன்று வேளையும் தின்ற இத்தாலி ஏழைகளுக்கும் பிறகு அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்கும் பெலக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்து ஏராளமானோர் மாண்டார்கள். சோளத்தில் உள்ள நியாசின் சத்தை உடம்புக்குக் கிடைக்கும்படி விடுவித்தது அந்தச் சுண்ணாம்புதான் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. சிமெண்டுக்காக மலை மலையாய்ச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற அரியலூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது வரகுக்கு வருவோம். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கடைகளில் வரகரிசி பாக்கெட் வரிசையாக வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பல பாக்கெட்டுகளைப் பிரித்துப் பாருங்கள்: பச்சரிசி போல வெள்ளை வெளேரென்று இருக்கும். கடையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தவிட்டைத் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் வரகில் நார்ச்சத்து சுமார் 6.4 கிராம், இரும்பு 2.3 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் நார் 2.8 கிராம், இரும்பு 0.65 மில்லிகிராம். தவிட்டைத் தீட்டித் தள்ளிய பிறகு இந்த வித்தியாசத்தில் எவ்வளவு மிஞ்சும்? காசு கொடுத்து வரகு வாங்கி அரிசியைத் தின்றதுபோல்தான். சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். அது நல்ல உணவு, மருந்து அல்ல. அளவில்லாமல் தின்றால் வரகும் மாவுச்சத்துதான்.

அதற்காகத் திருகைக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருகையைச் சுற்றியது யார் கை? விடிகாலையில் எழுந்து, காட்டு வேலைக்கு முன்னால் வரகு உடைத்த பெண்களின் கை. "ரேஷன் அரிசி வந்தப்பறந்தான் தோள்வலி நின்னுச்சு" என்று அப்பாயியே சொல்லியிருக்கிறது. வரகு நம் நிலத்தைவிட்டுப் போனதற்கு அந்தத் தோள்வலியும் ஒரு காரணம். ஆகவே, திரும்ப வேண்டியது திருகை அல்ல, திருகையின் அறிவு.

என்ன செய்யலாம்? ஊருக்கு ஒன்றாகவோ நாலு ஊருக்கு ஒன்றாகவோ சிறிய உமி நீக்கும் எந்திரம் வேண்டும். உழவர் குழுவோ மகளிர் குழுவோ நடத்தலாம். வரகு உமியோடு நம்மிடமே இருக்கட்டும். கேட்பவருக்குக் கேட்டபோது, தவிடு போகாமல் உடைத்துக் கொடுப்போம். லேசான பழுப்பு நிறமும் குறைந்த ஆயுளும்தான் நல்ல வரகரிசிக்கு அடையாளம் என்று நகரத்து மக்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். மழையில் நனைந்ததை எந்த விலைக்கும் விற்கமாட்டோம் என்று குழுவிலேயே கட்டுப்பாடு வைப்போம்.

வயலில் தொடங்குவது கடினமில்லை. மக்காச்சோளம் போடும் நிலத்தில் அரை ஏக்கர் ஒதுக்கி, மழையை நம்பி வரகும் ஊடே துவரையும் விதைத்துப் பாருங்கள். வரகுக்குப் பூச்சிமருந்துச் செலவு அநேகமாக இல்லை. மழை ஏமாற்றினாலும் வீட்டுக்குச் சோறும் மாட்டுக்கு வைக்கோலும் மிஞ்சும்.

விதை கேட்டு வருகிறவர்கள் இன்று நிறைய. அவர்கள் கையில் விதையைக் கொடுக்கும்போது, எப்படிக் காயவைப்பது, எப்போது உடைப்பது, எப்படி ஊறவைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டு அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.