நகைப்பதற்கு முன்

ஆடு மாடு வளர்ப்பை அரசுப் பணியாக்குவோம் என்கிறது நாம் தமிழர் கட்சி. எள்ளி நகைக்கின்றனர் நம்மவர் சிலர். கணக்கைப் பாருங்கள், தோழர்களே! 2016இல் நூற்றுக்கு ஒன்றாக இருந்த அக்கட்சியின் வாக்கு 2024இல் எட்டைத் தாண்டிற்று. அவ்வாண்டு விருதுநகரில் வெற்றி தோல்விக்கிடையே நின்றவை 4,379 வாக்குகளே. அக்கட்சி அங்கு பெற்றதோ அதனினும் பன்மடங்கு. 1967இல் காமராசரையே 1,285 வாக்கில் வீழ்த்திய ஊரன்றோ!

புல் முளைக்காத வானம் பார்த்த பூமியென்று சிவகாசித் தொழிலாளிக்குத் தெரியாதா? அதனால்தானே வெடிமருந்தோடு புழங்க வந்தான்! 2018இல் சரவெடிக்கும் பேரியத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சரம் பின்னிய பெண்களின் கூலி போயிற்று. அந்தக் கைகளுக்கு மாற்று வேலை என்னவென்று நாம் சொன்னோமா? வேலை என்ற சொல் எந்த மேடையில் ஒலித்தாலும் அவர்கள் நின்று கேட்கத்தான் செய்வார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதையே முதற்பொருளாக வைப்போம்.