வாயிற்கதவை அடைத்த பெண்கள்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. ஆயினும் போலந்து மக்களுக்கு உண்மையான விடுதலை கிட்டவில்லை. சோவியத் ஒன்றியத்தின் பிடியில் பொதுவுடைமைக் கட்சியே அங்கு ஆட்சி செய்தது. தொழிலாளர் பெயரால் நடந்த அவ்வாட்சியில், தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்க உரிமையில்லை! 1970 டிசம்பரில் விலையுயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் சுடப்பட்டனர்.

1979 ஜூனில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் தாயகமான போலந்துக்கு வந்தார். அவரைக் காண இலட்சக்கணக்கில் திரண்ட மக்கள், தாம் தனித்தவர்கள் அல்லர் என்பதை உணர்ந்தனர்.

மறு ஆண்டு, கிடான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில், அன்னா வாலென்டினோவிச் என்னும் கிரேன் இயக்கும் அம்மையார் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற அவருக்கு ஐந்தே மாதங்கள் இருந்தன. தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபட்டதே அவர் செய்த குற்றம். ஆகஸ்ட் 14 அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மின்பணியாளர் லெக் வலேசா தலைமையேற்றார்.

ஆகஸ்ட் 16 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. ஊதியம் உயரும், அன்னாவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும் என்றது. வேலைநிறுத்தம் முடிந்ததென அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் வீடு நோக்கி நடந்தனர். அப்படியானால் ஆதரவாக வேலையை நிறுத்திய சிறு ஆலைத் தொழிலாளரின் கதி என்ன?

இதைக் கேட்டவர்கள் பெண்களே. அன்னாவும், செவிலியர் அலீனா பியென்கோவ்ஸ்காவும், டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸும் வாயிலுக்கு விரைந்து, கதவை அடைக்கச் செய்து, "போகாதீர்கள்" என்று மன்றாடினர். பலர் போய்விட்டனர், எஞ்சியோர் தங்கினர். வலேசாவும் போராட்டத்தைத் தொடர இசைந்தார். மறுநாள் ஞாயிறன்று அவ்வாயிலருகே திருப்பலி நிறைவேறியது.

அனைவருக்குமாக 21 கோரிக்கைகள் எழுந்தன. ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. தனிச் சங்கம் பிறந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சேர்ந்தனர். அதன் பெயர் 'ஒருமைப்பாடு'. 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆனால் இயக்கம் மடியவில்லை. 1989 ஜூன் தேர்தலில் மக்கள் அதற்கே பெருவெற்றி அளித்தனர்.

தமக்கு வேண்டியது கிடைத்தபின்னும் பிறருக்காக நின்றார்களே, அதுவன்றோ பிறரன்பு! தோழியரே, நமக்குக் கிடைத்ததும் நாம் புறப்பட்டு விடுகிறோமா? கிடைக்காதவளுக்காகச் சற்று நிற்கிறோமா?