கை வேலையிலே, காது கதையிலே

தாராவியில் விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். இட்லி அவிக்கிறவர்கள் அதற்கும் முன்பே எழுந்துவிடுவார்கள். விடிந்ததும் இட்லி, சட்னியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டுமே! இன்னொரு பக்கம் முறுக்கு சுற்றுகிறார்கள். தோல் பை தைக்கிறார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக் கட்டுகிறார்கள். செம்பூரில் நாலு வீடு ஏறி இறங்கிச் சமையல் செய்கிறார்கள்.

இந்த வேலைகளில் கை ஓயாது. கண்ணும் கையோடுதான் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அதில் எது எதுவோ வந்து விழும். பக்கத்து வீட்டு டி.வி. விழும். குழாயடிச் சண்டை விழும். அந்தக் காதில் ஒரு நல்ல கதை விழுந்தால் எப்படி இருக்கும்?

புத்தகத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்து, அதைப் பதிவு செய்தால் அதற்கு ஒலிநூல் என்று பெயர். பல பேர் சேர்ந்து நடித்துப் பேசினால் அது ஒலி நாடகம். பெயர்தான் புதிது. விஷயம் நமக்குப் பழசு.

ஊர்க் கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். மைக் செட்காரர் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். பாட்டு முடிந்ததும் கதை வசனம் போடுவார். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஓடும். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ ஓடும். தருமியாக நாகேஷ் புலம்புவதைக் கேட்டு ஊரே சிரிக்கும். படம் பார்க்காதவர்களும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்கள் கட்டபொம்மன் வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அத்தனையும் காது வழியாகப் போனதுதான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் அப்போது இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும். அதில் வந்த நாடகங்களுக்கு இங்கேயும் ரசிகர்கள் உண்டு. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற அவர்களுடைய வானொலி நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவே வந்தது. பம்பாய்க்கு வந்த பிறகு நம் ஆட்கள் விவித பாரதிக்கு மாறினார்கள். அது 1957இல் தொடங்கியது. அதில் ‘ஹவா மஹல்’ என்று சின்னச் சின்ன இந்தி நாடகங்கள் வரும். அதைக் கேட்டுக் கேட்டே இந்தி பழகியவர்களும் உண்டு.

வேலை செய்துகொண்டே புத்தகம் கேட்கும் பழக்கம் வெளிநாட்டிலும் உண்டு. கியூபா என்று ஒரு நாடு. சுருட்டுக்குப் பேர் போனது. அதன் தலைநகரம் ஹவானா. அங்கே ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் 1865இல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் உயரமான இடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். செய்தித்தாள் படிப்பார். நாவலும் படிப்பார். அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? முதலாளி அல்ல. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள்.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. தொழிலாளி செய்தி கேட்டால் கேள்வி கேட்பான் அல்லவா? அடுத்த ஆண்டே, 1866இல், தடை போட்டார்கள். பிறகு அந்தப் பழக்கம் மறுபடியும் தலை தூக்கியது. அலெக்சாண்டர் டூமா என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் ‘மாண்டி கிறிஸ்டோ’ கதை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப் போனது. அந்தப் பெயரிலேயே பின்னால் ஒரு சுருட்டு வந்தது. இன்றும் விற்கிறது.

கியூபா தூரம் என்றால் கண்ணூருக்கு வாருங்கள். நம் பக்கத்துக் கேரளம்தான். அங்கே பீடி சுற்றும் இடங்களிலும் ஒருவர் பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிக்கிறவருக்கு அன்றைக்குப் பீடி குறைந்துவிடுமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அவருடைய பங்கை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள்! எனக்கு இது சுருட்டுக் கதையைவிடப் பிடித்திருக்கிறது.

நம் முறுக்குக் கொட்டகையிலும் இதைச் செய்யலாம். படிக்கக் கற்ற ஒருவர் கால் மணி நேரம் படிக்கட்டும். மற்றவர்கள் அவர் பங்கைச் சுற்றட்டும். அதற்குப் போன்கூடத் தேவை இல்லை.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார். முப்பது வருஷமாக முறுக்கு சுற்றுகிறவர்.

“ஏன் தம்பி, இப்பம்தான் போனே எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுதே. பொறவு எதுக்கு நான் இந்த எழுத்தைக் கட்டிக்கிட்டு மாரடிக்கணும்?”

நியாயமான கேள்விதான். அக்காவிடம் நான் சொன்னது இது.

கதை காது வழியாக வரும், அக்கா. கடன் பத்திரம் வராது. மருந்துச் சீட்டு வராது. வாடகை ரசீது வராது. எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்பதைப் போன் சொல்லாது. எழுத்து அப்படித்தான். பழகாமல் விட்டால் போய்விடும். வகுப்பு முடிந்து ஆறு மாதம் சும்மா இருந்தால் ‘ற’வும் ‘ர’வும் குழம்பிவிடும்.

ஆனால் கேட்பதை வைத்தே எழுத்தைக் காப்பாற்ற முடியும். இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். ஆமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி என்ற பேராசிரியர் 1996இல் ஒரு யோசனை சொன்னார். டி.வி.யில் சினிமாப் பாட்டு ஓடும்போது, அந்தப் பாட்டின் வரிகளை அதே மொழியில் கீழே காட்ட வேண்டும். பாடப் பாட ஒவ்வொரு சொல்லும் நிறம் மாற வேண்டும். 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனில் இது வந்தது. பிறகு இந்தியில் ‘சித்ரஹார்’ நிகழ்ச்சியிலும் வந்தது. பாட்டு நமக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த சொல் என்ன என்பதும் தெரியும். கண் தானாக அந்தச் சொல்லைத் தேடிப் போகும். இதனால் அரைகுறையாகப் படித்தவர்கள் படிப்பு தேறியது. இதே முறையில் தமிழ்க் குழந்தைக் கதைகளையும் போனில் பார்க்கலாம். ‘புக்பாக்ஸ்’ என்று தேடுங்கள். குழந்தைக் கதைதானே என்று வெட்கப்பட வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே முறை இதுதான். பகலில் வேலை செய்துகொண்டு ஒரு கதையைக் கேளுங்கள். இரவில் அதே கதையின் ஒரு பக்கத்தை எழுத்தில் படியுங்கள். கதை தெரிந்திருப்பதால் எழுத்து மிரட்டாது.

இரவில் படிக்கும்போது எழுத்து கலங்கித் தெரிகிறதா? நாற்பது வயது தாண்டியவர்கள் கவனியுங்கள். “எனக்குப் படிப்பு மறந்துபோச்சு” என்று சிலர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். மறக்கவில்லை. அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பார்வையே இல்லாதவர்களுக்கு ஒலிநூல்தான் புத்தகம். உண்மையில் ஒலிநூல் வளர்ந்ததே அவர்களுக்காகத்தான். 1930களில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் அவர்களுக்காகப் புத்தகங்களை இசைத்தட்டில் பதிந்தன. இங்கிலாந்தில் முதல் உலகப் போரில் கண்ணை இழந்த வீரர்களை நினைத்தே இதைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016இல் தொடங்கியது. பார்வைக் குறை உள்ளவர்கள் அதில் சேரலாம். மும்பையில் ஒர்லியில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1952இல் தொடங்கிய சங்கம் அது. உங்கள் தெருவில் பார்வை இல்லாதவர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, எதைக் கேட்பது?

முதலில் ‘கிந்தனார்’ கேளுங்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் காலட்சேபம். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இருக்கிறது. படத்துக்குக் கதை எழுதியவர் அண்ணா. நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். சிதம்பரம் போய்ச் சாமி கும்பிட ஆசைப்பட்டு, பண்ணையாரிடம் உத்தரவு கேட்டு நின்றவர். கலைவாணர் அதைத் திருப்பிப் போட்டார். கிந்தனும் ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன்தான். அவன் ஆசைப்பட்டது கோயிலுக்கு அல்ல, படிப்புக்கு. ஊரில் வழி இல்லை. ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்துக் கல்வி அதிகாரியாகிறான். அப்புறம் என்ன நடக்கிறது என்பதை அவர் வாயால் கேட்டால்தான் சுவை. தாராவிக்கு ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இது வெறும் கதை இல்லை.

அடுத்தது வில்லுப்பாட்டு. சுப்பு ஆறுமுகம் நெல்லைச் சீமைக்காரர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022இல் காலமானார். அவருடைய வில்லுப்பாட்டுப் பதிவுகள் இருக்கின்றன. கதையும் பாட்டும் சிரிப்பும் கலந்து வரும். வேலை அலுப்புத் தெரியாது.

நல்ல சிறுகதை வேண்டுமா? திருவண்ணாமலை பவா செல்லதுரை சொல்வதைக் கேளுங்கள். தமிழ் எழுத்தாளர்களின் கதைகளை அவர் தம் பேச்சுத் தமிழில் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்க மாட்டார். எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். ஒரே ஒரு குறை. மூலக் கதையில் உள்ள அதே சொற்கள் வராது. ஆகவே பக்கத்தை வைத்துக்கொண்டு கூடவே படிக்க இது உதவாது. கேட்டுவிட்டு, பிறகு தனியாகப் படிக்க வேண்டும்.

பெரிய கதை என்றால் எல்லாரும் ‘பொன்னியின் செல்வன்’ என்பார்கள். கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய கதை. ஐந்து பாகம். ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். அங்கே தொடங்கும். இதைப் பம்பாய் கண்ணன் என்பவர் ஒலிநூலாகத் தயாரித்திருக்கிறார். பல பேர் குரல் கொடுத்து நாடகம்போல் செய்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு வைத்திருப்பவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள். ஏகப்பட்ட பெயர்கள் வரும். யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ அதைவிடச் சிறியது. அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

கல்கி 1954இல் காலமானார். எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆனால் நம் நாட்டில் அவர் நூலை யாரும் வெளியிடலாம். அதனால் கல்கி கதைகளைப் பலர் படித்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் நன்றாக இல்லை. சில பதிவுகளில் கம்ப்யூட்டரே பேசுகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று அதற்குத் தெரிவதில்லை. ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். குரல் பிடிக்கவில்லை என்றால் வேறு பதிவுக்குப் போங்கள்.

வானொலி நாடகமும் இருக்கிறது. ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் மும்பையில் இருந்தே தமிழ்நாட்டு நிலையங்களைக் கேட்கலாம். இதற்குக் காசு இல்லை.

காசு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதை கேட்கும் செயலிகள் பல வந்திருக்கின்றன. சில செயலிகள் முதலில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கேட்கும். கொடுத்துவிடுவோம். அடுத்த மாதம் கணக்கிலிருந்து பெரிய தொகை தானாகப் போய்விடும். அந்த நிபந்தனை கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதை எந்தக் குரலும் தானாக வாசித்துக் காட்டாது. ‘ஆட்டோபே’ என்ற சொல்லைக் கண்டால் விரலை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால், பணம் அனுப்பும் செயலியில் ‘ஆட்டோபே’ என்ற இடத்தைத் திறந்து ரத்து செய்யலாம்.

யூட்யூபில் கேட்கலாம். இலவசம்தான். ஆனால் திரையை அணைத்தால் கதையும் நின்றுவிடும். பணம் கட்டினால்தான் நிற்காது. போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் நெட்டும் குறைவாகச் செலவாகும்.

சாளில் சுவர் மெல்லியது. நம் கதை பக்கத்து வீட்டுக்குத் தொல்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் சின்ன ஸ்பீக்கர் போதும். தனியாக இருந்தால் காதில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தையல் மெஷின், அரவை மெஷின் பக்கத்தில் இரண்டு காதையும் அடைக்காதீர்கள். ரயில் பாதைப் பக்கம் மாட்டவே மாட்டாதீர்கள். மாட்டுங்காவோ சயானோ செம்பூரோ, மேம்பாலம் ஏறி இறங்கிய பிறகு கதை கேட்டால் போதும். பின்னால் வரும் லோக்கலின் ஹாரன் கதைக்குள் கேட்காது.

புத்தகம் வேண்டுமென்றால் மாட்டுங்காவில் கிரி டிரேடிங் கடை இருக்கிறது. 1951இல் மாட்டுங்காவில் தொடங்கிய கடை அது. அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைக்கும்.

கதையைத் தேடும்போது மைக் படத்தை அமுக்கிப் பெயரைச் சொன்னால் போன் எடுத்துக் கொடுக்கும். வேண்டாம். தமிழ் எழுத்துப் பலகையைத் திறந்து, நீங்களே அடியுங்கள். கி, ந், த, னா, ர். ஐந்தே எழுத்துதான்.