ஓடும் நீரில் உயிர் காத்தல்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகளின் தெருக்கள் ஆறுகளாயின. தென்சென்னைப் புறநகர்களில் மக்களை மீட்க மீனவர்களின் படகுகளும் பேரிடர் மீட்புப் படையினரின் காற்றடைத்த படகுகளும் பயன்பட்டன. ரிஷிகேஷில் கங்கையின் சுழல்களினூடே பயணிகளை ஏற்றிச் செல்லும் மிதவைகளும் இவ்வகையினவே. அங்குப் பயணத்திற்கு முன் கற்பிக்கப்படும் பாதுகாப்பு முறைகள் நம் தெரு வெள்ளத்திற்கும் பெரிதும் பொருந்தும்.

ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோகிராம். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆதலால் விரைந்தோடும் முழங்கால் அளவு நீரே வளர்ந்த ஒருவரைச் சாய்த்துவிடும்.

“நீச்சல் தெரிந்தவர்க்கு மிதவை உடை எதற்கு?” என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவரேனும் கேட்பதுண்டு. கிணற்று நீர் நம்மை இழுத்துச் செல்வதில்லை. ஆற்று நீர் இழுக்கும். தலையில் அடிபட்டு நினைவிழந்தவர்க்கு நீச்சல் உதவாது, மிதவை உடை உதவும். ஆனால், அது உடலோடு இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்போது உடை முகவாய்க்கு மேல் ஏறினால், பட்டைகளை மீண்டும் இறுக்குதல் வேண்டும். ஒகேனக்கல் பரிசலில் ஏறுவோரும் இதனைச் சோதித்துக்கொள்ளலாம்.

படகிலிருந்து வீழ்ந்தவர் முதலில் எழுந்து நிற்கவே முயல்வார். பேராபத்து அதில்தான் உள்ளது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால், பின்னிருந்து தள்ளும் நீர் உடலை முன்னோக்கி மடக்கி மூழ்கடிக்கும். கலங்கிய தெரு வெள்ளத்தில் மூடியற்ற மழைநீர் வடிகாலும் இவ்வாறே காலைப் பற்றும். எனவே, மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீர்மட்டத்திற்கு மேல் தெரியுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். பாறைகள் எதிர்ப்பட்டால் பாதங்களால் உதைத்து விலகலாம். ஓட்டம் தணிந்தபின் கரையை நோக்கிச் சாய்வாக நீந்துதல் நன்று. நேரெதிரே நீந்தினால் வலிமைதான் வீணாகும்.

வீழ்ந்த மரம், கம்பி வேலி ஆகியவற்றினூடே நீர் புகுந்து செல்லும். மனித உடல் செல்லாது, அழுந்தி நிற்கும். அவற்றைத் தொலைவிலேயே கண்டு விலகுதல் வேண்டும். விலக இயலாதெனில் குப்புறத் திரும்பி, தலை முன்னாக விரைந்து நீந்தி, அதன்மீது ஏறிவிட வேண்டும்.

கரையிலிருந்து வீசப்படும் கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளலாகாது. மல்லாந்த நிலையில் அதனைத் தோளின்மேல் கொண்டுவந்து, மார்பருகே இரு கைகளாலும் பற்றுதல் வேண்டும். அப்போது முகம் நீருக்கு மேலிருக்கும். தேவையெனில் கயிற்றை உடனே விட்டுவிடவும் இயலும்.